தொங்தேமுன் டிசைன் பிளாசா: ஆடைத் தொழிலுக்கென்று ஒரு நகரம் எழுப்பிய பொதுக் கட்டடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்கொரியத் தலைநகர் சியோலில் உள்ள தொங்தேமுன் டிசைன் பிளாசாவைப் பற்றிக் கட்டடக்கலை மாணவர்களும், ஆடை வடிவமைப்பு படிப்பவர்களும், சுற்றுலா போய் வந்தவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. கட்டடத்தின் பெயரை இனி டிடிபி என்று சுருக்கிக் குறிப்பிடுகிறேன்.

டிடிபி என்பது என்ன? ஷாப்பிங் மாலா, மியூசியமா?

இரண்டும் இல்லை, ஆனால் இரண்டின் கூறுகளும் அதில் உண்டு. சியோல் மாநகர அரசுக்குச் சொந்தமான இந்தப் பண்பாட்டு வளாகத்தை நகரத்தின் வடிவமைப்பு அறக்கட்டளை நிர்வகிக்கிறது. தரைக்குக் கீழே மூன்று தளங்களும் மேலே நான்கு தளங்களுமாக, ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர் பரப்புள்ள கட்டடம் அது. உள்ளே பெரிய நிகழ்ச்சி மண்டபங்கள், கண்காட்சிக் கூடங்கள், வடிவமைப்பாளர்களின் பொருள்களை விற்கும் கடைகள், கருத்தரங்க அறைகள் ஆகியவை இருக்கின்றன. கூரையின் சில பகுதிகளில் புல் வளர்கிறது. அருகில் ஒரு பூங்காவும் உண்டு.

2014 மார்ச் 21 அன்று அது திறக்கப்பட்டது. சியோல் ஃபேஷன் வீக்கும் அதே நாளில் அங்கேயே தொடங்கியது. இந்தக் கட்டடம் முதன்மையாக யாரை மனத்தில் வைத்து எழுப்பப்பட்டது என்பதற்கு அந்தத் தேதியே போதுமான சான்று.

அதை ஏன் தொங்தேமுனில் போய்க் கட்டினார்கள்?

கொரியாவின் ஆடை வியாபாரத்தின் அடுப்படி அதுதான் என்பதால். கொரியப் போருக்குப் பிறகு வடக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் சோங்கேசோன் ஓடையின் கரையில் தையல் இயந்திரங்களை வைத்துப் பிழைக்கத் தொடங்கினார்கள். 1962-இல் அங்கே பியோங்ஹ்வா சந்தை என்ற நீண்ட கட்டடம் எழுந்தது. கீழே கடை, மேலே தையல்கூடம் என்பதுதான் அதன் அமைப்பு. 1970-இல் துணி, பட்டன், ஜிப், லேஸ் ஆகியவற்றுக்கென்று தொங்தேமுன் பல்பொருள் சந்தை வந்தது. 1990-களின் இறுதியில் மிலியோரே, தூத்தா போன்ற பல அடுக்கு ஆடை மாளிகைகள் வந்தன.

இந்தப் பகுதியின் உண்மையான பலம் அதன் நெருக்கம்தான். துணி ஒரு கட்டடத்தில் கிடைக்கும். பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி) வெட்டுபவர் அடுத்த தெருவில் இருப்பார். தைப்பவர்கள் வடக்கே குன்றின் மேலுள்ள சாங்சின்-தொங் குடியிருப்பின் சந்துகளில் இருப்பார்கள். இவர்களுக்கிடையே மோட்டார் சைக்கிள்கள் துணிக்கட்டுகளைச் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடும். காகிதத்தில் வரைந்த ஓர் ஆடை இரண்டு மூன்று நாள்களில் கடையில் தொங்குவது இங்கே வழக்கமான காரியம். மொத்த விற்பனைக் கடைகள் இரவு எட்டு மணி வாக்கில் திறந்து விடியும்வரை நடக்கும். வெளியூர்ச் சில்லறை வியாபாரிகள் இரவோடு இரவாக வந்து சரக்கெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். டிடிபியைப் பற்றிய எந்தத் தீர்ப்பையும் இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? காலி நிலமா?

காலி நிலம் இல்லை. ஜப்பானிய ஆட்சியின்போது 1925-இல் கட்டப்பட்ட விளையாட்டரங்கம் அங்கே இருந்தது. பின்னாளில் கால்பந்து மைதானமும் பேஸ்பால் மைதானமுமாக அது விரிந்தது. கொரியத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் ஆட்டம் 1982-இல் அங்கேதான் நடந்தது. அந்த அரங்கம் 2007, 2008 ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. இரண்டு விளக்குக் கோபுரங்களை மட்டும் அடையாளமாக விட்டுவைத்தார்கள்.

இன்னொரு கூட்டமும் அங்கே இருந்தது. அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சாலைக்கு அடியில் மூடிக்கிடந்த சோங்கேசோன் ஓடையை மறுபடியும் திறந்துவிடும் பணி நடந்தபோது கரையிலிருந்து அகற்றப்பட்ட நடைபாதை வியாபாரிகள், 2004-இல் அந்தக் கால்பந்து மைதானத்துக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். அரங்கம் இடிபட்டபோது அவர்கள் மறுபடியும் இடம் பெயர்ந்து சின்சொல்-தொங் பகுதிக்குப் போக வேண்டியதாயிற்று.

இதை வடிவமைக்க ஸஹா ஹதீத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? கொரியாவில் ஆளே இல்லையா?

2007-இல் அழைப்பின் பேரில் ஒரு போட்டி நடத்தப்பட்டது. கொரியக் கட்டடக்கலைஞர்களும் வெளிநாட்டவரும் அதில் கலந்துகொண்டார்கள். பாக்தாதில் பிறந்து லண்டனில் அலுவலகம் நடத்திய ஹதீத்தின் வரைவு வென்றது. கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கரை 2004-இல் பெற்ற முதல் பெண் அவர். உள்ளூர்ப் பங்காளியாகக் கொரியாவின் சாமு நிறுவனம் பணியாற்றியது.

அப்போதைய மேயர் ஓ சே-ஹூன் வடிவமைப்பையே நகரத்தின் அடையாளமாக்க விரும்பியவர். சியோல் 2010-க்கான உலக வடிவமைப்புத் தலைநகராக இருந்தது. அத்தகைய ஒரு மேயருக்கு, ஒளிப்படத்தில் பார்த்த உடனே அடையாளம் தெரியும் கட்டடம் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு ஹதீத் பொருத்தமானவர் என்பதில் ஐயமில்லை. ஆடைத் தொழிலின் தேவைக்கும் அவர் அதே அளவு பொருத்தமானவரா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியே உள்ள தகடுகளில் ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்கிறார்களே, நம்பலாமா?

பெருமளவு நம்பலாம். வெளிப்புறத்தை மூடியிருக்கும் அலுமினியத் தகடுகளின் எண்ணிக்கை 45,133. அவற்றில் சில தட்டையானவை. சில ஒரு திசையில் மட்டும் வளைந்தவை. பல இரு திசைகளிலும் வளைந்தவை. கடைசி வகைதான் சிக்கலானது. ஒவ்வொரு தகட்டுக்கும் தனி அச்சு செய்தால் செலவும் காலமும் கைமீறிப் போய்விடும். அதனால் உயரத்தைக் கணினி வழியாக மாற்றக்கூடிய கம்பிமுனைகளை வரிசை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் தகட்டை இழுத்து அழுத்தி வளைத்தார்கள். முனைகளின் உயரத்தை மாற்றினால் அதே கருவி அடுத்த தகட்டுக்கும் அச்சாகிவிடும்.

கட்டடத்தின் முழு விவரத்தையும் முப்பரிமாணக் கணினி மாதிரியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே தகடுகளின் அளவுகளை எடுத்தார்கள். அந்த முறையைக் கையாண்ட முதல் கொரிய அரசுத் திட்டம் இது என்று வடிவமைத்த அலுவலகம் குறிப்பிடுகிறது. ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் புரிந்துவிடுகிறது. தட்டையான துணியிலிருந்து வளைந்த உடம்புக்குப் பேட்டர்ன் எடுக்கும் வேலைதான் இதுவும்.

சுவரே நேராக இல்லாத கட்டடத்தில் பொருளை எப்படி வைப்பது?

சிரமப்பட்டுத்தான். சாய்ந்தும் வளைந்தும் செல்லும் சுவர்களில் படத்தை மாட்ட முடியாது. காட்சிப் பேழையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தவும் முடியாது. அதனால் கண்காட்சி நடத்துபவர்கள் பல நேரங்களில் அறைக்குள் இன்னோர் அறையாகத் தற்காலிகச் சுவர்களை எழுப்பிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தபின் உள்ளே இருப்பவருக்கு அது எந்தக் கட்டடம் என்பதே தெரிவதில்லை.

நடமாட்டத்துக்கு மட்டும் அந்த வளைவு நன்றாகவே உதவுகிறது. அருங்காட்சியகப் பகுதியைச் சுற்றிக் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம்வரை ஏறும் 533 மீட்டர் நீளச் சரிவுப் பாதை இருக்கிறது. படியே ஏறாமல் அதில் நடந்து மேலே போய்விடலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பிள்ளை வண்டி தள்ளுபவருக்கும் எல்லோருக்கும் உரிய அதே வழிதான். அவர்களுக்கென்று பின்பக்கத்தில் ஒரு தனிப் பாதை ஒதுக்கப்படவில்லை.

ஃபேஷன் ஷோ நடத்தத் தனி மண்டபம் எதற்கு? ஒரு நல்ல கல்யாண மண்டபம் போதாதா?

சிறிய நிகழ்ச்சிக்குப் போதும். ஒரே நாளில் பல வடிவமைப்பாளர்கள் அடுத்தடுத்து மேடையேறும் ஃபேஷன் வீக்குக்குப் போதாது. முதலாவதாக, நடுவில் தூண் இல்லாத அகலமான தளம் வேண்டும். ஏனென்றால் நடைமேடையின் வடிவத்தை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் மாற்றுவார். விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் தொங்குவதற்கு உயரமான கூரையும், அந்த எடையைத் தாங்கும் சட்டங்களும் வேண்டும். பகல் வெளிச்சத்தை முழுமையாக மறைக்க முடிய வேண்டும். மின்சாரம் தாராளமாக இருக்க வேண்டும்.

பார்வையாளர் காணாத இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. உடை மாற்றுதல், முடி அலங்காரம், ஒப்பனை, அயர்ன் போடுதல், கடைசி நேரத்தில் பிரிந்த தையலைப் போடுதல் ஆகியவை அத்தனையும் கிரீன் ரூமில் நடக்கின்றன. ஒரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழு தயாராக வேண்டும் என்பதால், இத்தகைய கட்டடத்தில் பின்னறைகளின் பரப்பு மண்டபத்தின் பரப்புக்கு ஈடாக இருந்தாலும் வீண் என்று சொல்ல முடியாது. உடைகள் தொங்கும் சக்கரக் கம்பிகள் வண்டியிலிருந்து இறங்கி, வாசற்படி ஏதும் இல்லாமல் நேரே உள்ளே வரவும் வழி வேண்டும்.

டிடிபியின் பெரிய மண்டபம் ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர். அதையொட்டி இன்னொரு மண்டபமும் இருப்பதால் ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போது மற்றதில் ஏற்பாடு செய்யலாம். 2015 மே மாதத்தில் பாரிஸின் ஷனேல் நிறுவனம் தன் தொகுப்பு ஒன்றை அரங்கேற்ற டிடிபியைத் தேர்ந்துகொண்டதை வைத்துப் பார்த்தால், காட்சி நடத்தும் வேலையை இக்கட்டடம் நன்றாகவே செய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோண்டும்போது பழைய கோட்டைச் சுவர் கிடைத்ததாமே? அதற்காக வடிவமைப்பை மாற்றினார்களா?

ஆம், கிடைத்தது. சியோலைச் சுற்றியிருந்த ஜோசொன் அரசர் காலத்து மதிலின் எஞ்சிய பகுதியும், நம்சான் மலையிலிருந்து வரும் நீர் மதிலுக்கு அடியில் ஓடி வெளியேற அமைத்த இரட்டை வளைவு மதகும், படைவீரர் முகாம் ஒன்றின் அடித்தளங்களும் வெளிப்பட்டன. அரங்கத்தைக் கட்டியபோது அவற்றின் மேல் மண் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அதன் பிறகு மதிலும் மதகும் இருந்த இடத்திலேயே காக்கப்பட்டன. வேறு சில எச்சங்கள் பூங்காவுக்குள் இடம் மாற்றி வைக்கப்பட்டன. திட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. பூங்கா 2009 அக்டோபரிலேயே திறக்கப்பட்டுவிட, கட்டடம் முதலில் எண்ணிய காலத்தைவிடப் பல ஆண்டுகள் பிந்தி முடிந்தது. இடம் மாற்றி வைத்ததைத் தொல்லியலாளர் பலரும் ஏற்கவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் தோன்றுகிறது. படைமுகாமின் அடித்தளக் கற்களை இன்னோர் இடத்தில் அடுக்கிவைத்தால், முகாம் எங்கே நின்றது என்ற செய்தியை அவற்றால் சொல்ல முடியாது.

செலவு எவ்வளவு?

பொதுவாகச் சொல்லப்படும் தொகை 48,400 கோடி வோன். கட்டிய செலவு மட்டுமே அது. நடத்தும் செலவை டிடிபி தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று நகர அரசு எதிர்பார்த்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் விளைவு அடுத்த பதிலில் தெரியும்.

ஃபேஷன் வீக் ஆண்டுக்கு இரண்டு முறைதானே? மற்ற நாள்களில் அங்கே என்ன நடக்கும்?

திறந்த புதிதில் கான்சொங் கலை அருங்காட்சியகத்தின் செல்வங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. கொரிய எழுத்து முறையை விளக்கும் பதினைந்தாம் நூற்றாண்டு மூலநூலும் அவற்றில் ஒன்று. வடிவமைப்புக் கண்காட்சிகள், புதிய பொருள்களின் அறிமுக விழாக்கள், சந்தைகள் ஆகியவையும் நடக்கின்றன. 2019 இறுதியிலிருந்து வெளிச்சுவரைத் திரையாக்கி ஒளிக்காட்சி நடத்துகிறார்கள். மண்டபத்தின் வாடகைதான் வருமானம் என்றாகிவிட்டதால், கொடுக்க முடிந்தவர்களின் நிகழ்ச்சிகளுக்கே முன்னுரிமை கிடைக்கிறது என்ற குறை தொடர்ந்து எழுப்பப்படுகிறது.

தைக்கிறவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது?

நேரடியாக மிகக் குறைவு. இந்தத் தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான், கேட்பவர்கள்தான் குறைவு.

இரண்டாவது பதிலில் சொன்ன பியோங்ஹ்வா சந்தையின் மாடியில், ஒரே தளத்தின் உயரத்தை இரண்டாகப் பிரித்துப் பரண் போட்டு, அதன் மேலும் கீழும் தையல் இயந்திரங்களை வைத்திருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அந்தப் பரண்களில் பதின்பருவப் பெண்கள் நாளெல்லாம் நூல்தூசியைச் சுவாசித்தபடி வேலை செய்தார்கள். அங்கே துணி வெட்டும் தொழிலாளியாக இருந்த 22 வயது ஜோன் தே-இல், தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லிப் பல முறை மனுக் கொடுத்தும் பயனில்லாத நிலையில், 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சந்தையின் முன்னே தீக்குளித்து இறந்தார். கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் திருப்புமுனையாக அந்த நாள் கருதப்படுகிறது. ஆகவே தொங்தேமுனில் ஆடைத் தொழிலுக்குக் கட்டடம் எழுப்புபவர், கூரையின் உயரமும் காற்றோட்டமும் ஒரு காலத்தில் அங்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தன என்பதை அறிந்திருக்க வேண்டும்.

டிடிபியின் பிரமாண்டமான உயரங்கள் அத்தனையும் காட்சிக்கும் கண்காட்சிக்கும் போய்விட்டன. காஜா (பட்டன் துளை) எடுப்பவருக்கோ ஓவர்லாக் (துணி விளிம்புத் தையல்) போடுபவருக்கோ கட்டிங் மாஸ்டருக்கோ அதற்குள் வேலை இல்லை. சாங்சின்-தொங் சந்துகள் 2014-இல் நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2018-இல் அங்கே தையல் வரலாற்றுக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகமும் வந்தது. நல்லவைதான். ஆனால் அவை டிடிபியோடு சேர்ந்து திட்டமிடப்பட்டவை அல்ல.

பழைய கட்டடத்தை இடிக்காமலே இதைச் செய்திருக்க முடியாதா?

முடியும் என்பதற்குப் பாரிஸில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சேன் நதிக்கரையில் 1907-இல் கட்டிய கான்கிரீட் சரக்குக் கிடங்கு ஒன்றை, ஜேக்கப் – மெக்ஃபார்லேன் என்ற இருவர் அலுவலகம் ஃபேஷனுக்கும் வடிவமைப்புக்குமான மையமாக மாற்றியது. பழைய தூண்களையும் தளங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, நதிப் பக்கத்தில் பச்சை நிறக் கண்ணாடியும் எஃகும் கொண்ட புதிய வெளிப்பகுதியை ஒட்டினார்கள். மாடிப்படிகளும் நடைவழிகளும் அதற்குள் போய்விட்டன. பிரெஞ்சு ஃபேஷன் கல்வி நிறுவனம் அங்கே இடம்பெற்றது. நாள்தோறும் மாணவர்கள் வந்து போவதால், நிகழ்ச்சி இல்லாத நாளிலும் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும்.

கிடங்கை மாற்றுவது எளிது, விளையாட்டரங்கை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் பார்வையாளர் படிகளில் ஒரு பக்கத்தையாவது விட்டுவைத்திருந்தால், அந்த இடத்துக்கு வயது இருப்பது இரண்டு விளக்குக் கோபுரங்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

கட்டடமே வேண்டாம், ஆடைத் தொழிலைக் காக்கச் சட்டம் போட்டால் போதாதா?

நியூயார்க் அதைச் செய்து பார்த்தது. அதன் கார்மென்ட் வட்டாரத்தில் குறிப்பிட்ட தெருக்களில் தொழிற்கூடத்தை அலுவலகமாக மாற்ற விரும்பும் உரிமையாளர், அதே அளவு பரப்பை உற்பத்திக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 1987-இல் வந்தது. விதி இருந்தும் தையல் வேலைகள் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2018-இல் அந்த விதி நீக்கப்பட்டு, ஆடை உற்பத்தியாளர்களுக்கு இடத்தை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு வரிச்சலுகை என்ற வழிக்கு நகரம் மாறியது. இடத்தை மட்டும் சட்டத்தால் பூட்டிவைத்தால் தொழில் உள்ளே தங்கிவிடாது என்பது தெரிகிறது. மறுபக்கம், வாடகை எகிறும் வட்டாரத்தில் பளபளப்பான கட்டடம் ஒன்றை எழுப்பிவிட்டு வாடகையைப் பற்றி ஒன்றும் செய்யாமலிருப்பதும் தையல்கூடங்களை வெளியே தள்ளும் வேலையாகவே முடியும்.

அப்படியானால் டிடிபி வெற்றியா தோல்வியா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

காட்சிக்கூடமாக வெற்றி, பொது வெளியாகப் பெரும் வெற்றி, தொழிலின் வீடாக அரைகுறை.

ஒரே வரியில் நிறுத்தினால் நடுவிலுள்ள சொற்கள் விளங்காது. இரண்டு, நான்கு, ஐந்து ஆகிய மூன்று சுரங்க ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையத்திலிருந்து நேரே டிடிபியின் தாழ்ந்த முற்றத்துக்கு வந்துவிடலாம். கட்டணமும் இல்லை, தடுப்பும் இல்லை. கட்டடம் மூடிய பிறகும் அதன் அடியிலும் இடையிலும் புகுந்து மறுபக்கச் சந்தைக்குப் போக முடிகிறது. ஃபேஷன் வீக் நாள்களில் அழைப்பிதழ் இல்லாத இளைஞர்கள் தங்கள் உடைகளோடு வெளிச் சரிவுகளில் கூடுகிறார்கள். ஒளிப்படக்காரர்களும் அவர்களைத் தேடித்தான் வருகிறார்கள். உள்ளே நடப்பதைவிட அது சுவையானது என்று சொல்பவர்கள் உண்டு. ஹதீத் கட்டடத்தையும் நிலத்தையும் பிரிக்காமல் ஒரே பரப்பாக வரைந்ததன் பயன் இது; வேறு பலர் வரைந்திருந்தால் அங்கே ஒரு வாசலும் காவலாளியும் இருந்திருப்பார்கள். தொழிலைப் பொறுத்தவரை, உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பது பணி தொடங்கிய பிறகும் மாறிக்கொண்டே இருந்தது. 2011-இல் மேயர் மாறி, பார்க் வொன்-சூன் வந்தபின் பயன்பாடுகள் மறுபடியும் ஆராயப்பட்டன. உருவம் முதலில் முடிவாகி, உபயோகம் அதற்குள் பிறகு பொருத்தப்பட்டதுதான் குறையின் வேர்.

கல்லூரி புராஜெக்டுக்கு ஆடை வடிவமைப்பாளர்களுக்கான பொதுக் கட்டடத்தை எடுத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

வரைபடத்தில் தொடங்க வேண்டாம். அந்த நகரத்தில் ஓர் ஆடை எத்தனை கை மாறிக் கடைக்கு வருகிறது என்பதைப் பின்தொடர்ந்து எழுதுங்கள்: துணி வாங்கும் இடம், வெட்டும் இடம், தைக்கும் இடம், அயர்ன் போட்டு மடிக்கும் இடம், விற்கும் இடம். இவற்றில் எது தனியாரால் நன்றாக நடக்கிறதோ அதைத் தொடாதீர்கள். ஒருவர் தனியாக வாங்க முடியாததைப் பொதுக் கட்டடம் தரட்டும். மாதிரி தைத்துப் பார்க்கும் கூடம், விலை உயர்ந்த இயந்திரங்கள், துணி மாதிரிகளின் நூலகம், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒளிப்பட அறை ஆகியவை அப்படிப்பட்டவை. நிகழ்ச்சி மண்டபத்தின் தேவைகளை முன்பே கல்யாண மண்டபக் கேள்விக்குச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, நேரத்தை வரையுங்கள். அந்தத் தொழில் எப்போது விழித்திருக்கிறதோ அப்போது கட்டடம் திறந்திருக்க வேண்டும். தொங்தேமுனைப் போல் இரவில் நடக்கும் சந்தைக்கு நடுவே மாலையோடு பூட்டிவிடும் நூலகத்தை வைத்தால் யாருக்கும் உதவாது. தையல்கூடத்தை வீதியிலிருந்து பார்க்கும்படி வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் வடக்குப் பக்கத்திலிருந்து வரும் கூசாத வெளிச்சமும் நூல்தூசியை இழுக்கும் காற்றோட்டமும் வேலை செய்பவர்களின் சம்மதமும் இருந்தால் மட்டும். அவர்களைக் காட்சிப் பொருளாக்கிவிடக் கூடாது. கடைசியாக, சரக்கு லிஃப்டின் அளவை இப்போதே முடிவு செய்யுங்கள். நிமிர்த்தி வைத்த துணிச் சுருளும், உடைகள் தொங்கும் சக்கரக் கம்பியும் அதற்குள் சாயாமல் நுழைய வேண்டும்; அந்த லிஃப்டின் கதவு வண்டி வந்து நிற்கும் தளத்துக்கே திறக்க வேண்டும்.